கால்வாய்க்கரை அஜீசுன்னிசா

தண்டையார்பேட்டையில் கால்வாயை ஒட்டி ஒரு சாக்குக் கிடங்கு இருந்தது. துறைமுகத்தில் கிழிந்துபோன கோணிப் பைகளெல்லாம் வண்டி வண்டியாக அங்கே வந்து சேரும். அவற்றை உதறி, ஒட்டுப் போட்டுத் தைத்து அடுக்குவதற்கு முப்பது பெண்கள் இருந்தார்கள். அவர்களில் வேகமான கை அஜீசுன்னிசாவுடையது. மற்றவர்கள் ஒரு பை முடிப்பதற்குள் அவள் இரண்டாவதைப் பாதி தாண்டியிருப்பாள். கோணி ஊசி அவள் விரல்களுக்கு நடுவே ஓடுவது கண்ணுக்கே தெரியாது என்று மேஸ்திரி பெருமையாகச் சொல்லுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு ஆவணி மாதத்தில் அந்தக் கை தடுமாறிப்போனது. நாலு தையல் போடுவாள், எழுந்து வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பாள், மறுபடி வந்து உட்காருவாள்.

"இன்னாமே, தபால்காரனுக்கா காத்துகினு கீற?" என்று மேஸ்திரி கத்துவான்.

இரண்டு சந்து தள்ளி இருந்த அவள் வீட்டில், எட்டு வயது மகள் பதுருன்னிசா சணல் கயிற்றால் கதவுக் காலோடு கட்டப்பட்டிருந்தாள். கட்டியது அஜீசுன்னிசாதான். முடிச்சை இறுக்கிப் போட்டோமா, போடவில்லையா என்ற ஒரே நினைப்பு காலையிலிருந்து மாலைவரை அவளை அரித்துக்கொண்டே இருக்கும்.

பெற்ற மகளைக் கட்டிப்போடும் அளவுக்கு அவள் கல்நெஞ்சக்காரி அல்ல. அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவள் பதுரு, அவளுக்கு ஐந்து வருடம் கழித்துப் பிறந்தவன் ரஷீது. கணவன் அமீருதீன் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்குபவன். இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் தம்பியைப் பார்த்துக்கொள்வது பதுருவின் பொறுப்பு. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் சோறு வடிப்பாள், பாண்டி ஆடுவாள்.

அந்த வருஷம் மாசியில் ஒரு புதன்கிழமை. எண்ணூரிலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிய படகு ஒன்று கால்வாயில் வந்து நின்றது. கட்டை இறக்குவதை வேடிக்கை பார்க்கப் பதுரு தம்பியை அழைத்துக்கொண்டு கரைக்குப் போனாள். ஆட்கள் கட்டைகளைத் தோளில் சுமந்து பலகை வழியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திரும்பினாள். பக்கத்தில் நின்ற ரஷீதைக் காணவில்லை.

யாரோ ஓடிவந்து கிடங்கில் சொன்னார்கள். அஜீசுன்னிசா கையில் பிடித்த ஊசியோடு ஓடினாள். கரையில் பதுரு தனியாக நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் அழுகை இல்லை. அதைப் பார்த்ததும் அஜீசுன்னிசாவுக்கு என்ன ஆனதோ, மகளின் தலைமயிரைப் பிடித்து உலுக்கினாள்.

"தம்பி எங்கடி? அவன் இல்லாம வூட்டாண்ட வராத! வந்தன்னா கொன்னுடுவேன்!"

படகுக்காரர்கள் தண்ணீரில் குதித்திருந்தார்கள். பெண்கள் அஜீசுன்னிசாவைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அடுத்த வீட்டுப் பவுனம்மாள் பதுருவைத் தன் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு, பேசின் பாலத்துப் பக்கம், வெகுதூரம் தள்ளி ரஷீதின் உடல் கிடைத்தது. குளிப்பாட்டி, துணி சுற்றி, பொழுது சாய்வதற்குள் ஆண்கள் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். மறுநாள் காலையில்தான் பதுருவை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அதற்குள் பையனின் சட்டைகளைக்கூட யாரோ எடுத்து மறைத்து வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளையிடம் அதைப் பேசுவானேன் என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து பதுரு பேசவே இல்லை.

முதலில் அதிர்ச்சி என்றார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்தும் வாய் திறக்காதபோது, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அழைத்துப் போனார்கள். அவர் ஓதித் தண்ணீர் கொடுத்தார். "பயந்துட்டா, அன்பா வச்சிக்குங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பிறகுதான் பெரிய பயம் ஆரம்பித்தது. ஒரு நாள் மத்தியானம் பதுரு கால்வாயோரம் நிற்பதைப் பார்த்த ஒரு வண்டிக்காரன் தூக்கிவந்து வீட்டில் விட்டான். ஒரு வாரத்தில் மறுபடி போனாள். அடுத்த மாதம் நாலு தடவை.

"தண்ணி ருசி கண்டுகிச்சி. அடுத்ததக் கூப்புடுது" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். குடத்தை அப்படியே போட்டுவிட்டு அஜீசுன்னிசா வீட்டுக்கு ஓடினாள். அன்றுதான் கிடங்கிலிருந்து நாலு முழம் சணல் கயிறு எடுத்துவந்தாள்.

கயிற்றைப் பதுரு எதிர்க்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, அம்மா முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையை அஜீசுன்னிசாவால் தாங்க முடியாது. கரையில் தான் கத்திய வார்த்தை இந்தப் பெண்ணின் தொண்டைக்குள் எங்கேயோ இருக்கிறது, என்றைக்காவது வாய் திறந்தால் அதுதான் முதலில் வெளியே வரும் என்று அவளுக்குத் தோன்றும். மகள் பேச வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டாள். பேசிவிடுவாளோ என்றும் நடுங்கினாள். கணவனிடம்கூட அந்த வார்த்தையைப் பற்றி அவள் சொல்லவில்லை.

பவுனம்மாள் ராயபுரத்தில் ஏழைக் குழந்தைகளுக்கான ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குக் கயிறு தெரியாமல் போகுமா? ஒரு நாள் மத்தியானம் அஜீசுன்னிசா சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது சந்து முனையில் பவுனம்மாளின் குரல் கேட்டது.

"இப்டி வாங்க நர்சம்மா. பள்ளம் கீது, பாத்து."

எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் புடவை, கருப்புக் குடை, தோளில் கான்வாஸ் பை. பிள்ளையைப் பிடித்துப்போக வந்தவள் என்றே நினைத்தாள். அந்தப் பேட்டையில் பிள்ளைகளை மிரட்டுவதற்கு, பெரியவர்களைத் திட்டுவதற்கு, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் கீழ்ப்பாக்கம். பின்சந்தில் ஒருத்தியை வண்டி வந்து ஏற்றிப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். அவள் திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை.

கயிற்றை அவிழ்த்து, மகளை மூலையில் தள்ளி, தைக்கக் கொண்டுவந்திருந்த கோணிகளை மேலே அள்ளிப் போட்டு மூடினாள். "மூச்சு வுடாத, புடிச்சிகினு பூடுவாங்க" என்று காதில் சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தாள்.

வந்தவள் பெயர் ஃப்ளோரன்ஸ். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், நாற்பது வயதிருக்கும். உள்ளே வந்து, கேட்காமலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"வூட்ல புள்ளைங்க இல்லியா?"

"ஒரு பொண்ணு. மீஞ்சூர்ல நாத்தனார் வூட்டுக்குப் போய்கீது."

"எப்ப வரும்?"

"தெரியாது."

வாசலில் நின்ற பவுனம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கோணி மூட்டைக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது. தொடர்ந்து இன்னொன்று. அவ்வளவுதான் என்று அஜீசுன்னிசா நினைத்தாள். நர்ஸ் எழுந்து கோணியை விலக்குவாள், குடையை ஆட்டி ஆளைக் கூப்பிடுவாள், வண்டி வரும்.

ஃப்ளோரன்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாக்குத் தூசு புள்ளைங்களுக்கு ஆவாதும்மா" என்றாள் அமைதியாக. "சனிக்கெழம சனிக்கெழம எங்க ஆஸ்பத்திரி பின்னால ரூம்பாண்ட ஒரு டாக்டர் வர்றாரு. பேசாத புள்ள, பயந்த புள்ள, அடம் புடிக்கிற புள்ள, வலிப்பு வர்ற புள்ள, அல்லாரும் வருவாங்க. அம்மாங்களும் கூடவே குந்திகினு இருக்கலாம். யாரையும் எங்கியும் அனுப்ப மாட்டோம்."

எழுந்தவளின் கண் கதவுக் காலில் தொங்கிய கயிற்றில் நின்றது.

"கட்டுற எடத்துல துணி சுத்திக் கட்டு. தோலு அறுந்துதுன்னா சீழ் வச்சிடும்" என்று சொல்லிவிட்டு ஃப்ளோரன்ஸ் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை. எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் போனாளே, அதுதான் அஜீசுன்னிசாவை இன்னும் பயமுறுத்தியது.

சாயங்காலம் அமீருதீனிடம் சொன்னாள். மகன் போனபிறகு அவன் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. வருவான், சாப்பிடுவான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அன்றைக்குத் திரும்பி உட்கார்ந்தான்.

"அந்த டாக்டரு யாருன்னு தெரியுமா ஒனக்கு? கீழ்ப்பாக்கத்துல வேல பாத்தவராம். ஹார்பர்ல சொல்லிக்கிறாங்க. அவரு கையால கிறுக்குன்னு எழுதிட்டா அப்பறம் அழிக்க முடியாது. நாளைக்கு எவன் கட்டுவான் அவள?"

"இன்னா பண்றதுங்க?"

"ஞாயித்துக்கெழம மீஞ்சூருக்கு இட்டுகினு போறேன். அக்கா வூட்லயே இருக்கட்டும். அங்க கால்வா கெடையாது."

அவள் நர்ஸிடம் சொன்ன பொய்யே உண்மையாகப் போகிறது. அஜீசுன்னிசா தலையை ஆட்டினாள். ஒருத்தனைத் தண்ணீர் கொண்டுபோயிற்று, இன்னொருத்தியை இரயில் கொண்டுபோகட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஆனாலும் கயிறு கட்டும்போது மகளின் கணுக்காலில் சிவந்திருந்த தடத்தைப் பார்த்தாள். பழைய துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றி, அதன் மேல் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோது அவளுக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. இரத்தத்தை வாயில் வைத்துக்கொண்டு எழுந்தாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை, நடக்காமல் ஓடினாள். கதவு திறந்து கிடந்தது. முடிச்சு அவிழவில்லை. துணி சுற்றியதால் வளையம் பெரிதாகி, அதிலிருந்து காலை உருவிக்கொண்டு போயிருக்கிறாள்.

கால்வாய்க்கரையில் ஆளே இல்லை. ஆண்களெல்லாம் ஜும்மாவுக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்தார்கள். ஒரு விறகுப் படகு வெறுமையாகக் கட்டிக் கிடந்தது. தண்ணீர் கருப்பாக, அசையாமல் நின்றது. படகைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள்.

மார்பளவுத் தண்ணீரில் பதுரு நின்றுகொண்டிருந்தாள். முகம் நீரில் முட்டும்படி குனிந்து, இரண்டு கைகளையும் அடியில் விட்டுத் துழாவினாள். சேற்றை அள்ளி மேலே எடுத்தாள். அதைத் தண்ணீரில் அலசி, விரல்களை விரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. இன்னும் ஓர் அடி உள்ளே நகர்ந்து, மறுபடி குனிந்தாள்.

அஜீசுன்னிசாவுக்கு நீச்சல் தெரியாது. தெரியாது என்ற நினைப்பு வருவதற்கு முன்பே அவள் தண்ணீருக்குள் இருந்தாள். சேறு முழங்கால்வரை இழுத்தது. கைக்கு எட்டிய தலைமயிரைப் பிடித்தாள், அன்றைக்குப் பிடித்த அதே தலைமயிர். இழுத்துக்கொண்டு படகின் கயிற்றைப் பற்றிக் கரையேறினாள். பதுரு திமிறவில்லை. மூடியிருந்த கைகளை மட்டும் விரிக்க மறுத்தாள். பிரித்துப் பார்த்தபோது சேறும் ஒரு சங்கு ஓடும் இருந்தன.

கரையில் உட்கார்ந்து அஜீசுன்னிசா மகளை மடியில் போட்டுக்கொண்டாள். மீஞ்சூரிலும் கிணறு உண்டு, ஏரி உண்டு. கயிற்றால் ஆகவில்லை, தண்ணீர் ஓதியும் ஆகவில்லை. இனிமேல் பயப்படுவதற்குக் கீழ்ப்பாக்கம் ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் காலை கணவன் வேலைக்குப் போனதும் அஜீசுன்னிசா பவுனம்மாள் வீட்டுக் கதவைத் தட்டி, "யக்கா, என்னியும் இட்டுகினு போ" என்றாள்.

ராயபுரம்வரை மகளின் மணிக்கட்டை விடவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி ஏதாவது நிற்கிறதா என்று முதலில் பார்த்தாள். ஒரு மாட்டுவண்டியும் இரண்டு சைக்கிள்களும் நின்றன. பின்பக்க அறையில் பாய் விரித்திருந்தது. வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் வந்த பத்துப் பதினைந்து தாய்மார்கள் சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதற்கே வெட்கம். நடுவில், கண்ணாடி போட்ட ஒரு இளவயது ஆள் சப்பணமிட்டு உட்கார்ந்து நூல்கண்டுக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பையன் அதைத் தட்டித் தட்டிவிட்டான். அவர் மறுபடி அடுக்கினார். அவர்தான் டாக்டர் மனோகரன் என்று பவுனம்மாள் காட்டியபோது அஜீசுன்னிசா நம்பவில்லை.

பதுருவிடம் பொம்மை நீட்டினார்கள், சிலேட்டு நீட்டினார்கள். அவள் எதையும் தொடவில்லை. மூலையில், பிள்ளைகள் பிசைந்து விளையாட ஒரு வாளியில் களிமண் கரைத்து வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். இரண்டு கையையும் முழங்கைவரை உள்ளே விட்டு, அடியைத் துழாவி, அள்ளி எடுத்து, விரல்களை விரித்துப் பார்த்தாள். மறுபடி விட்டாள்.

டாக்டர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அஜீசுன்னிசாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் பேச்சு திருநெல்வேலிப் பேச்சு.

"இவ எதையோ தேடுதாம்மா. என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தம்பி தவறிட்டான்னு பவுனம்மா சொன்னா. அடக்கம் பண்ணும்போது இந்தப் பிள்ள எங்க இருந்தா?"

"பவுனக்கா வூட்ல."

"அவன் முகத்தப் பாத்தாளா?"

"இல்லீங்க. சின்னப் பொண்ணுன்னு யாரும் காட்டல."

"கெடச்சிட்டான், அடக்கம் பண்ணியாச்சுன்னு யாராவது அவகிட்டச் சொன்னீங்களா?"

அஜீசுன்னிசா வாயைத் திறந்தாள். ஆறு மாதத்தைப் புரட்டிப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை.

"சரி," என்றார் டாக்டர். "அன்னைக்குக் கரையில, அவகிட்ட யாராவது என்னமும் சொன்னாங்களா?"

வந்துவிட்டது, இதற்குத்தானே பயந்தாள். எழுந்து போய் மகளின் கையை வாளியிலிருந்து இழுத்தாள், சேறு சொட்டச் சொட்ட வாசலுக்கு நடந்தாள். அங்கே ஃப்ளோரன்ஸ் நின்றிருந்தாள். வழியை விட்டு விலகிக்கொண்டாள்.

"போறதுன்னா போம்மா. இந்தக் கதவுக்குத் தாப்பாளே கெடையாது."

அஜீசுன்னிசா வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். வெளியே வெயில் அடித்தது. மகளின் மணிக்கட்டு அவள் பிடிக்குள் குளிர்ந்து கிடந்தது. வெளியே போனால் மறுபடி கயிறு, மறுபடி கால்வாய். அறைக்கு முதுகைக் காட்டியபடியே, தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் சொன்னேன். தம்பி இல்லாம வூட்டாண்ட வராத, வந்தா கொன்னுடுவேன்னு சொன்னேன். நான் பெத்தவ சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. தம்பி இல்லாமல் வராதே. அவள் மகள் சாகப் போகவில்லை. அம்மா சொன்ன வேலையை ஆறு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

பின்னாலிருந்து யாரும் திட்டவில்லை. சுவரோரம் இருந்தவர்களில் ஒருத்தி, வலிப்பு வரும் பிள்ளையை மடியில் வைத்திருந்தவள், நகர்ந்து பாயில் இடம் விட்டு, "வந்து குந்து" என்றாள். அஜீசுன்னிசா அங்கே போய் உட்கார்ந்து, மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தம்பி அங்க இல்லடி. அன்னிக்கே கெடச்சிட்டான். அத்தா எடுத்துகினு போயி அடக்கம் பண்ணிட்டாரு. நீ இன்னும் தேடாத. அம்மா தப்பா சொல்லிட்டேன், கண்ணு."

பதுரு அம்மாவை உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் வாளிக்குள் கையை விட்டாள்.

"ஒரு வார்த்தையில போயிடாதும்மா," என்றார் டாக்டர். "ஆறு மாசம் யாரும் சொல்லல, இப்ப எப்படி நம்புவா? அவன் இருக்கிற இடத்தக் காட்டணும். உங்க வீட்டுக்காரர்தான் கூட்டிட்டுப் போகணும்."

இன்னொரு பயம். வீட்டுக்கு வந்த அமீருதீனிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனதை, கரையில் கத்தியதை, நேற்றுத் தண்ணீரில் கண்டதை. அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் சொன்னாள். அவன் கேட்டு முடித்து, மூலையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தான்.

"இந்தப் புள்ள மூஞ்சிய நான் பாத்து ஆறு மாசம் ஆவுது" என்றான். "பாத்தா அவன் ஞாபகம் வருதுன்னு திரும்பிப் படுத்துகினேன். ஒன்ன மட்டும் இன்னான்னு கேக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் மீஞ்சூர் இரயிலுக்குப் போகவில்லை. பதுருவைத் தோளில் தூக்கிக்கொண்டு, ரஷீதை அடக்கிய கபரஸ்தானுக்குப் போனான். அஜீசுன்னிசா வெளியே மதிலோரம் நின்றாள். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. உள்ளே என்ன நடந்தது என்பதை அவன் பிறகுதான் சொன்னான்.

சின்ன மேட்டைக் காட்டி, "தம்பி இங்கதான் கீறான்" என்றானாம். பதுரு தோளிலிருந்து இறங்கி, மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணைத் தோண்ட ஆரம்பித்துவிட்டாள். அவனுக்கு உயிரே போய்விட்டது. கைகளைப் பிடித்துக்கொண்டு, "எடுக்கக் கூடாது கண்ணு. அத்தாதான் வச்சேன், என் கையால வச்சேன். வெள்ளத் துணி சுத்தி, வலது பக்கமா சாச்சிப் படுக்க வச்சேன்" என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறான். அவள் கேட்டாள். கையிலிருந்த மண்ணை அலசத் தண்ணீர் இல்லை. விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, மேட்டின் மேலேயே தட்டிவிட்டாள். பிறகு வாயைத் திறந்து, கரகரத்த குரலில் கேட்டாள்.

"இங்க தண்ணி வருமா?"

அமீருதீன், "வராது. இது மேடு" என்றான்.

வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்த்ததும் அஜீசுன்னிசா, ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தாள். "பேசிச்சி" என்ற ஒரு சொல்லை அவன் சொல்லி முடிக்க மிகவும் சிரமப்பட்டான்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பதுரு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவாள், இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். ஒரு வருடம் விடாமல் சனிக்கிழமைதோறும் ராயபுரத்துக்குப் போனார்கள். அஜீசுன்னிசா கயிற்றை விட்டுவிட்டாள், ஆனால் மகளை வீட்டில் விட்டுப்போகத் தைரியம் வரவில்லை. மேஸ்திரியின் வசவுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு கிடங்குக்கே கூட்டிப்போய் பக்கத்தில் உட்காரவைத்தாள். அந்த ஐப்பசியில் மழை அடித்து ஊற்றியபோது பதுருவுக்குப் பழைய பயம் வந்தது. தம்பி இருக்கும் இடத்தில் தண்ணீர் ஏறிவிடுமா என்று காலையில் எழுந்ததும் கேட்பாள். அமீருதீன் வேலைக்குப் போகுமுன் நனைந்துகொண்டே கபரஸ்தானுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஏறல" என்று சொல்லுவான். மழைக்காலம் முழுக்க ஒரு நாள்கூட அவன் தவறவில்லை. அடுத்த வருடம் பதுரு பள்ளிக்கூடம் போனாள்.

ஐம்பத்துநாலில் ஃப்ளோரன்ஸ் ஒரு நாள் கிடங்குக்கே வந்தாள். சடையங்குப்பத்தில் வரலட்சுமி என்று ஒருத்தி, வெள்ளத்துக்குப் பிறகு கண்டதையும் கடித்துக் கத்தும் மகனை உள்ளே போட்டுப் பூட்டிவைத்திருக்கிறாள், கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று சொன்னாள்.

"நான் போனா கீழ்ப்பாக்கத்துக்காரின்றா. நீ வர்றியா?"

"நான் இன்னா பேசறது நர்சம்மா? நான் படிச்சவளா?"

"ஒனக்கு நடந்ததச் சொல்லு. போதும்."

அந்த வார்த்தையை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் மறுபடி வாயால் சொல்ல வேண்டுமே. இரவெல்லாம் அஜீசுன்னிசா புரண்டாள். காலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஃப்ளோரன்ஸோடு கிளம்பினாள். திருவொற்றியூர்வரை பஸ், பிறகு சேற்றில் நடை.

வரலட்சுமியின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிள்ளை முனகுவது கேட்டது. அஜீசுன்னிசா படியில் உட்கார்ந்து, கதவுப் பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். கயிறு கட்டியதைச் சொன்னாள், கோணிக்குள் ஒளித்துவைத்ததைச் சொன்னாள், கரையில் கத்தியதைச் சொன்னாள். அன்று கதவு திறக்கவில்லை. அடுத்த வாரமும் இருவரும் போனார்கள், அப்போதும் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்தது.

"நீ மட்டும் உள்ள வா," என்றாள் வரலட்சுமி. "அந்த நர்சம்மா வெளியவே நிக்கட்டும்."